மூச்சு வாங்கிய இடம்

பாடகனாக இருந்த அண்ணன் இசைக்குழுவை விட்டு விலகிய அன்று, இனி அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பாட்டையெல்லாம் கழுத்தை நெரித்தது போல் ஒரு சத்தம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர் அவர்தான். ஆனால் தன் மகன் நின்ற இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியே என்ன சொல்வது என்பதையும் அவரே தீர்மானித்தார். கொள்கை ஒத்துவரவில்லை, விலகிவிட்டான். அவ்வளவுதான். அண்ணனுக்கு நுரையீரல் பலவீனம் என்பதும், இனிமேல் கத்தினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதும் நான்கு சுவருக்குள்ளேயே இருந்தன. அந்தக் குடும்பத்தில் முடியாமல் விலகியவர் யாரும் கிடையாது. வேண்டாம் என்று விலகியவர்கள்தான் உண்டு. குறைந்தபட்சம் ஊரார் அப்படித்தான் நம்பி வந்தார்கள்.

அவன் தங்கை மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறவள். பகலெல்லாம் இயந்திரத்தின் கிறீச்சொலியில் இருந்துவிட்டு, மாலையில் அதைவிடப் பெரிய சத்தத்தைத் தேடிப் போகிறாளே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டபோது, பாதி பாட்டு, பாதி சண்டை என்று சொல்லிவைத்தாள். அண்ணன் பாடுவதால்தான் அவளுக்கு அந்தக் குழு பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது தப்பு. டயர் கடைக்குப் பின்னால் ஒத்திகை நடக்கும் அறைக்கு அண்ணன் மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போன நாளில், அண்ணன் இன்னும் வந்தே சேராத நேரத்தில், இரண்டு கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் மோதிக்கொண்டதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டவள் அவள். அன்றைக்குப் பிடித்தது.

அதனால் அப்பாவிடம் கூடுதல் வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, புதிய பாடகியின் முதல் நிகழ்ச்சிக்குப் போனாள். பாடகி பேக்கரியில் மாவு பிசைகிறவள். எல்லோருக்கும் பேக்கரிக்காரிதான். தோளும் மூச்சும் அந்த வேலைக்கேற்ப இருந்தன.

குழுவின் பெயர்போன பாட்டு ஒன்றில், கடைசி வரிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்கும். அண்ணன் மைக்கை முன்வரிசைப் பக்கம் நீட்டுவான். முன்வரிசை தொண்டை கிழிய அந்த வரியைக் கத்தும். ரசிகர்களுக்கு என்று நான் விட்டுவைத்த இடம் அது என்று அண்ணன் சொல்லியிருந்தான். குழுவிலேயே அதை நம்பினார்கள். அவன் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டான் என்பது தங்கைக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். ஒலிப்பதிவில் அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது.

பேக்கரிக்காரி ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடம் செய்தவள். நிற்காமல் பாடினாள், குழுவும் ஒலிப்பதிவின்படியே கூட வாசித்தது. முன்வரிசை பழக்கதோஷத்தில் கத்தியது, தங்கையும் சேர்ந்துதான். பாட்டு ஒரு பக்கம், கூச்சல் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போய்க் குப்புற விழுந்தது. அண்ணன் கொடுத்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள், மரியாதை தெரியாதவள் என்று ஏச்சு கிளம்பியது. அடுத்த நிகழ்ச்சியில் பேக்கரிக்காரி அந்த இடத்தில் பாட்டை நிறுத்திப் பார்த்தாள். அப்போது, காப்பியடிக்கிறாள் என்றார்கள். யாரோ காலி பாட்டிலை வீசினார்கள்.

வெளியே வந்தபோது டிரம்ஸ்காரர் தங்கையிடம் கசப்பாகச் சொன்னார். பேக்கரிக்காரி போகிறேன் என்கிறாளாம். அவள் போனால் தானும் குச்சிகளைக் கட்டி வைத்துவிடப் போவதாகவும், வரும் சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை பொய்யையும் மெய்யையும் ஒன்றாகக் கொட்டினாள். வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அவளையா திட்டறாங்க? நான் நின்னு மூச்சிளைச்ச இடத்துக்கா?"

"ஆமாண்ணா. கோயில் மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க."

தான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று அவள் கேட்டாள். அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இந்த வீட்டுப் பிள்ளையின் சீக்கு விஷயம் சந்திசிரிக்க வேண்டாம், ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்றார் அவர்.

அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி வளர்ந்தவள் அல்ல. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"நம்ம வீட்டுப் பேருக்காக யாரோ பெத்த பொண்ணு அடி வாங்குதுப்பா."

அப்பா உள்ளே போனார். தன் சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்து நடப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். சிறிது நேரம் கழித்து வந்து நின்றார்.

"நீ சொல்லக் கூடாது. அவன்தான் சொல்லணும். கூட்டத்துக்கு முன்னால நின்னு சொல்லணும். நானும் வர்றேன்."

சனிக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி அப்பா அரங்கத்தின் கடைசிச் சுவரோரம் நின்றார். யாரோ அவரைக் கட்டட உரிமையாளர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். அவர் பதில் வணக்கம் வைத்தார்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் அண்ணன் மேடையேறினான். விசில் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"அந்த இடத்தை நான் உங்களுக்குக் கொடுக்கல," என்றான். "எனக்கு மூச்சு வரல. பாட முடியாமதான் விலகினேன். இவங்களால முடியும். பாட விடுங்க."

இறங்கிவிட்டான். கைதட்டல் எதுவும் இல்லை. சிலர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். பேக்கரிக்காரி மைக்கை எடுத்தாள். அந்த இடம் நெருங்கியபோது முன்வரிசையில் ஓரிரண்டு பேர் கத்தத்தான் செய்தார்கள். தங்கையின் வாயும் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள்.

பாட்டு நிற்காமல் அந்த இடத்தைக் கடந்தது. வரிக்கு அடியில் டிரம்ஸ் இரட்டிப்பு வேகத்தில் ஓடிற்று. ஒலிப்பதிவில் குரலுக்கு அடியில் அமுங்கிப்போன ஓட்டம் அது. இத்தனை காலம் நேரில் கேட்டும் அங்கே டிரம்ஸ் இப்படி ஓடக்கூடும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. கண்ணில் நீர் வந்தது. துடைக்க நேரமில்லை, அடுத்த பாட்டுக்குக் கிட்டாரைச் சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தாள். அப்பா அண்ணனின் தோளைப் பிடித்தபடி வாசல் வரை போயிருந்தார். வா, கிளம்பலாம் என்று அவளுக்குக் கையசைத்தார்.

நீங்கள் போங்கள் என்று அவளும் கையசைத்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.