பாட்டுப் புத்தக இங்கிலீஷ்

கெலுகோரில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்பது பூட்டிய அலமாரி. அதற்குச் சாவி இரண்டு. ஒன்று என் கணவர் கதிர்காமநாதனிடம். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். மற்றது அவர் தங்கை சற்குணத்திடம், பள்ளிக்கூட டீச்சர். ஞாயிறு மதியம் தவறாமல் சாப்பிட வருவாள். நான் தேங்காய்ப்பால் சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அண்ணனும் தங்கையும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். நடுநடுவே 'யோகம்' என்று என் பெயர் மட்டும் விழும்.

"என்னைப் பத்தி என்னங்க?" என்று கேட்டால், "ஆபீஸ் விஷயம்லா, உமக்கேன் அது?" என்பார்.

பத்தொன்பது வருடம் பொறுத்தேன். எண்பத்து நாலாம் வருடம் அவர் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்தார். வேறொருத்தி இருக்கிறாளோ? அதைத்தான் என் முன்னாலேயே பேசிக்கொள்கிறார்களோ?

அந்தப் பேச்சைப் பிடிக்க நானே இங்கிலீஷ் படிப்பதென்று, பாசாரில் ஷேக் அலாவுதீன் கடையில் இங்கிலீஷ் பாட்டுப் புத்தகம் கேட்டேன்.

"மகளுக்கா, அக்கா?"

"எனக்குத்தான் தம்பி."

"எல்லாம் லவ் சாங்லா!" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவர் வேலைக்குப் போனதும் ரேடியோவைத் திருகி, புத்தகத்தையும் அகராதியையும் மடியில் வைத்துக்கொள்வேன். எட்டு மாதத்தில் இதயம், கண்ணீர், முத்தம், பிரிவு எல்லாம் பாடம். இலக்கணமும் சுலபம். பாட்டுக்காரர்களுக்கு 'நான்', 'நீ' இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் உடனே அழுகை. நேற்றுப் போனாய், நாளை வருவாயா என்பதில் இறந்தகாலமும் எதிர்காலமும் முடிந்தன. நிகழ்காலத்தில் எல்லாரும் தனியாகத்தான் இருந்தார்கள்.

பிறகொரு ஞாயிறு காதைத் தீட்டிக்கொண்டு பரிமாறினேன். இதயம் வரவில்லை. முத்தமும் வரவில்லை. வந்ததெல்லாம் இன்க்ரிமென்ட், பென்ஷன், சற்குணத்தின் பித்தப்பைக் கல். தலைச் சாயம்கூடப் புதிதாக வந்த இளவயது மேலதிகாரிக்காகத்தானாம்.

அப்போது சற்குணம் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாகப் பேசுங்கள், யோகம் நிற்கிறாள்."

"அவள் நின்றால் என்ன? அவளுக்கு ஒன்றும் விளங்காது," என்றார் அவர்.

அத்தனையும் இங்கிலீஷில். அத்தனையும் எனக்கு விளங்கியது. பத்தொன்பது வருடமாக என் பெயர் விழுந்தது இதற்குத்தான். வேறொருத்தி இல்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் படித்த சொற்களில் ஒன்றுகூட இந்த வீட்டில், எந்தப் பாஷையிலும், ஒருநாளும் புழங்கியதில்லை.

சட்டியை மேசையில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து, என்னிடம் இருந்த இங்கிலீஷில் கேட்டேன்: "உங்கள் இதயத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறதா?"

சற்குணத்துக்குப் புரையேறியது. அவர் வாயில் வைத்த சோற்றை விழுங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாக ஏதோ சொன்னார். எந்தப் பாட்டிலும் இல்லாத சொற்கள். சற்குணத்தைப் பார்த்தேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னாள்: "உங்கட விண்ணப்பம் கிடைச்சுதாம், மச்சாள். பரிசீலிச்சு, உரிய காலத்தில பதில் தருவாராம்."

இன்னும் சொதி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். ஊற்றினேன். காத்திருப்பதற்கான சொல்லும் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, முதல் பக்கத்திலேயே.