கூவாமல் வந்த வழி

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு முள்ளியவளைக்குத் திரும்பிய கதிர்காமநாதன், ஒரு கம்பளிச் சட்டையையும் ஒரு யோசனையையும் கொண்டுவந்தான். வன்னி வெயிலில் கம்பளிச் சட்டையை யார் போடுவது? யோசனைதான் மிஞ்சியது. அங்கே வெள்ளைக்காரரைக் காரில் ஏற்றி அருவியும் தேயிலைத் தோட்டமும் காட்டுவார்கள்; பிறகு காரை நிறுத்திவிட்டு மலைப்பாதையில் நடத்திக் கூட்டிப்போவார்கள். அதையே இங்கும் செய்தால் என்ன? மலை இல்லாவிட்டால் போகட்டும், காட்டுக்குள் குமரிப்பாறை இருக்கிறதே, அதன் அடியில் இடிந்த கோயிலும் இருக்கிறதே!

வழிகாட்ட, மனைவி இராசமலரின் தம்பி மயில்வாகனம் இருந்தான். தேன் எடுக்கக் காட்டோடு திரிகிறவன். தாய் தகப்பன் இல்லாத அவனை இராசமலர்தான் சோறூட்டி வளர்த்தாள். குமரிப்பாறை என்றதும் அவள் முகம் கறுத்தது. அந்தப் பக்கம் போனால் மட்டும் திரும்பி வரும் வழி அவனுக்கே பிடிபடாது.

"நீங்கள் கூட்டிக்கொண்டு போறியள். நீங்கள்தான் திரும்பக் கொண்டுவந்து விடவேணும்" என்றாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "கூ" என்று கூவவேண்டும். மற்றவர் "கூ" என்பார். பேர் காட்டின் காதில் விழுந்தால் காடு அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளுமாம். கதிர்காமநாதன் இதைக் கேட்டே வளர்ந்தவன். தெரியாது என்று அவன் தப்பவே முடியாது.

கொழும்பிலிருந்து முதல் கூட்டம் வந்தது: கோட்டில் வழக்குப் பேசும் புறக்டர் பரமலிங்கம், அவர் மனைவி, சிநேகிதர்கள் இரண்டு பேர். காரைத் தெருவோரம் விட்டுவிட்டு நடந்தார்கள். முன்னால் போன மயில்வாகனம் கூவ, கடைசியில் வந்த கதிர்காமநாதன் பதிலுக்குக் கூவினான்.

"என்ன, உங்கட ஊரில மனிசரும் நரி மாதிரியே கதைக்கிறவை?" என்றார் சிநேகிதர் ஒருவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதிர்காமநாதனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வெள்ளைக்காரரோடு நடந்தவன் அல்லவா!

பாறையும் கோயிலும் பார்த்துத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பாதி வழியில்தான் புறக்டருக்குத் தன் குடை ஞாபகம் வந்தது. அதைப் பாறையிலேயே விட்டுவிட்டார்.

"நான் எடுத்துக்கொண்டு வாறன், அத்தான். நீங்கள் மெல்ல நடவுங்கோ. இடைக்கிடை கூவுங்கோ, அந்தச் சத்தத்தைப் பிடிச்சு வந்திடுவன்" என்று மயில்வாகனம் திரும்பிப் போனான்.

கொஞ்சத் தூரம் நடந்ததும் கதிர்காமநாதன் கூவ வாயெடுத்தான். நரி என்ற கேலி நினைவுக்கு வந்தது. கையைக் குவித்து, "மயில்வாகனம்!" என்று கூப்பிட்டான்.

"ஓம்" என்று, கேட்கிறது என்பதுபோல, பின்னாலிருந்து பதில் வந்தது.

அப்பாடா என்று நடந்தான். மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் "ஓம்". மச்சானின் குரலேதான். ஆனால் அது கிட்ட வரவுமில்லை, தூரப் போகவுமில்லை. சருகு மிதிபடும் சத்தமும் இல்லை.

"ஓடி வாற பொடியன் மூச்சு வாங்காமல் எப்பிடிக் கதைக்கிறான்?" என்று புறக்டரின் மனைவி கேட்டார். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

தெருவுக்கு வந்து காத்திருந்தார்கள். "மயில்வாகனம்!" "ஓம்." பக்கத்துப் பாலைமரத்துக்குப் பின்னாலிருந்துதான் கேட்டது. கதிர்காமநாதன் போய் எட்டிப் பார்த்தான். யாருமில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மயில்வாகனம் சாகக் கிடந்தாலும் காட்டில் பேருக்குப் பதில் சொல்லமாட்டான். அப்படியானால் இவ்வளவு நேரமும் பேசியது யார்?

தொண்டை கிழியக் கூவினான். எங்கோ பாறைக்கும் அப்பாலிருந்து, "கூ" என்று சின்னதாகக் கேட்டது. பாவி, ஒரு கூவலுக்காக அங்கேயே காத்து நின்றிருக்கிறான்! கதிர்காமநாதன் அழுதுகொண்டு உள்ளே ஓடினான். கூவக் கூவ அந்தப் பதில் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் நின்றுவிட்டது.

மறுநாள் ஊரே திரண்டு தேடியது. குடை ஒரு கிளையில் தொங்கியது. ஆள் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் கைவிட்டார்கள். தான் பேர் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும் கதிர்காமநாதன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் இராசமலர் காட்டுப்பக்க வேலியைப் பிடித்துக்கொண்டு, "என்ர ராசா, மயில்வாகனம்!" என்று குழறி அழுதாள்.

"ஓம்" என்றது வேலிக்கு அப்பால்.

அவள் முகம் மலர்ந்தது. படலையைத் திறக்க ஓடினாள். கதிர்காமநாதன் முந்திப் போய் முதுகால் படலையை அடைத்துக்கொண்டு நின்றான்.

"விடுங்கோ! என்ர பிள்ளை பசியோட நிக்கிறான்!" என்று அவன் நெஞ்சில் அடித்தாள்.

"அவன் இல்லை, இராசமலர். காட்டுக்குள்ள நான் பேர் சொல்லிக் கூப்பிட்டனான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளும் அந்த ஊர்க்காரிதான். மேலே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கதிர்காமநாதனின் முதுகுக்குப் பின்னால், படலையோடு ஒட்டி, யாரும் கூப்பிடாமலே அந்தக் குரல் இன்னொரு தரம் "ஓம்" என்றது.