இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர்

போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே பணிப்பெண் முன்வரிசை வரை வந்துவிட்டாள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரையைத் தொட்டவள் நாத்தனாரின் செய்தியைப் படித்தாள்.

'அண்ணி, அப்பா போயிட்டார். அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க, வழியில தாங்காது. நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்.'

"யாரு, தங்கச்சியா? அப்பா எப்படி இருக்காராம்?" என்றான் கணவன்.

"தூங்கறாராம்."

வாயில் வந்தது அதுதான்.

"தூங்கட்டும், தூங்கட்டும்."

விமானம் ஓடத் தொடங்கியது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எது நின்றாலும் எங்கேயோ ஒரு திருகாணியை முடுக்கினால் ஓடிவிடும் என்று நம்புகிறவன். முன்னிருக்கைத் திரையில் எட்டாயிரத்து நூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்றிருந்ததை அவனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"மணிக்குத் தொள்ளாயிரம்னா ஒன்பதுதானே வரணும்? மிச்ச ஒரு மணி நேரம் என்னதான் பண்றாங்க?"

"எதிர்க்காத்தா இருக்கும்."

"காத்துக்கெல்லாம் நாம காத்திருக்கணுமா?"

அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மாமனார் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு வீடியோவில்கூட, மூச்சு வாங்க வாங்க, "என்னடி வாயாடி, சத்தத்தையே காணோம்?" என்றார்.

சாப்பாடு வந்தது.

"இந்தத் தடவை அப்பாவுக்கு நானே ஷேவ் பண்ணிவிடறேன். தங்கச்சிக்குக் கை நடுங்குதாம்" என்றவன், அவள் தட்டைப் பார்த்தான். "ஏன், சாப்பிடல?"

"வயிறு சரியில்ல."

கழிவறைக் கதவைத் தாழிட்டு, இன்ஜின் இரைச்சலுக்குள் வாய்விட்டு அழுதாள். யாரோ தட்டினார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

"பாதி தாண்டியாச்சு. இன்னும் நாலாயிரம்" என்றான் அவன்.

சொல்லிவிடலாமா? சொன்னால் எழுந்து எங்கே ஓடுவான்? ஜன்னலோரப் பெரியவர் வாயைத் திறந்து தூங்குகிறார். இந்த வரிசையில் காலை நீட்டி அழக்கூட இடமில்லை. சொல்லாவிட்டால், அவனுக்கு அப்பா இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் உயிரோடிருப்பார். கம்பளியை இழுத்து அவன் மேல் போர்த்தினாள். "குளிரலையே" என்றான். ஆனால் எடுக்கவில்லை.

சக்கரம் தரையில் பட்டு, விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். அவன் பையை இறக்கி, மறுபடி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, போனுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"என்ன?"

அவள் அவனையே பார்த்தாள்.

கையை உருவிக்கொள்ளாமலே, "எப்போ?" என்றான்.

"நாம கிளம்பறதுக்கு முன்னாடியே."

அவன் தலையை ஆட்டினான். லிஃப்டில் என்ன கோளாறு என்று யாராவது விளக்கும்போது ஆட்டுவதைப் போல.

"கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றார் ஜன்னலோரப் பெரியவர்.

"சாரி சார்" என்றான். இருவரும் கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள். பெரியவர் பக்கவாட்டில் நகர்ந்து, அவன் தோளைப் பிடித்தபடி, மெல்லக் கடந்து போனார்.