குகையில் எடுத்த வருகைப் பதிவு

2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் புகுந்த வெள்ளம் முழுவதும் வடிந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கு பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டியிருக்கும் பாறைக்கு அடியில் ஒரு குகையைத் தேடிப் போய்த் தங்கிவிட்டது. கோடையில் வற்றுவதில்லை, மழையில் ஏறுவதில்லை. கழுத்தளவு ஆழம், நல்ல தெளிவு, நீந்தத் தோதான இளஞ்சூடு. விஷயம் பரவியதும் சேலையூர் வரைக்கும் உள்ள குடும்பங்கள் ஞாயிறுகளில் டிபன் கேரியரோடு வர ஆரம்பித்தன. வெள்ளம் கொண்டுபோன சாமான்களும் அங்கேயே இருந்தன. லோகநாயகி என்ற வங்கி ஊழியர் முங்கி எழுந்தபோது அவர் கையில் அவர் வீட்டு குக்கர் மூடி இருந்தது; கேஸ்கெட்கூடக் கெடவில்லை. யாரும் பிறர் பொருளைத் தொடுவதில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு அடித்துக்கொள்கிற நம் ஆட்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒழுங்காக இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அமலராணி பத்து வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அவளுடைய ஆறு வயது மகள் சுஜியை அந்த வெள்ளம்தான் கொண்டுபோனது. மாடிப்படியில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையில் மகன் ஸ்டெபின், மறு கையில் சுஜி. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கை காலியாக இருந்தது. உடல் கிடைக்கவில்லை. தான்தான் கையை விட்டோம் என்பதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட அந்த இடம் வந்தால் தாண்டிப் போய்விடுவாள். குகையில் மகள் இல்லாமல் போவதல்ல, இருந்து ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவளுடைய பயம்.

போன மே மாதம், மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலையிலிருந்த ஸ்டெபினுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்குள் ஒரு நாளாவது எல்லோருமாக எங்காவது போகலாம் என்றான். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து தக்காளி சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்பாவும் பிள்ளையும் நீந்த, அமலராணி கால் நனையாமல் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் தேவானந்தம் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். குடும்பமாகக் கடற்கரைக்குப் போனாலும், பள்ளிச் சுற்றுலா மாதிரி, பேர் கூப்பிட்டு வருகை எடுத்த பிறகுதான் திரும்புவார். வெள்ளத்துக்குப் பின் அதை நிறுத்திவிட்டார், நாக்கு தானாக மூன்றாவது பெயருக்குப் போய்விடும் என்று. அன்றைக்கு நாலு மணிக்குத் துண்டைப் பிழிந்துகொண்டே மறந்துபோய் ஆரம்பித்துவிட்டார். அமலராணி. ஸ்டெபின். சுஜி.

“உள்ளேன் ஐயா” என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது. ஆறு வயதுக் குரல். வீட்டில் அவளுக்கு மட்டும்தான் அப்பாவை அப்படிக் கேலி செய்ய உரிமை இருந்தது.

அமலராணி சேலையோடு இறங்கினாள். பிடிக்க வந்த ஸ்டெபினின் கையைத் தள்ளிவிட்டுக் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றாள்.

“கைய விட்டுட்டேன்டி. மம்மிதான் விட்டுட்டேன்.”

“நீ எங்க விட்ட? நான்தான் உருவிகிட்டு போனேன். புதுச் செருப்பு மம்மி, கீழயே கிடந்துச்சு.”

அமலராணி அழுதாள். பிறகு, ஒரு செருப்புக்காகவா என்று திட்ட ஆரம்பித்தாள். பத்து வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். பக்கத்துக் குடும்பங்கள், அது வீட்டு விஷயம் என்று, பாத்திரங்களைக் கட்டுவது போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டன. தேவானந்தம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வா என்றதற்குப் பதில் இல்லை; பேர் கூப்பிட்டால் மட்டும் வந்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறார்கள். அமலராணி நன்றாகவே நீந்துகிறாள். இந்த வருடம் வீட்டுக் கணக்கெடுக்க வந்த பெண் எத்தனை பேர் என்று கேட்டபோது நாலு என்றாள். பையன் புனேவில், பெண் குகையில். முடிச்சூரிலேயே வளர்ந்தவரான அந்தப் பெண், மகளுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டு, ஆறு என்று எழுதிக்கொண்டார்.