குதிரைக்காரி கேட்ட கேள்வி

கேட்காமல் குதிரையை யார் அறைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. சாகக் கிடப்பவர்களுக்கு ஆறுதலாகக் குட்டைக் குதிரையைக் கூட்டிப்போகும் இந்த வேலையில் நெல்டாவுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். வாசலில் நின்று கேட்க வேண்டும். கட்டிலில் கிடப்பவரிடம் மட்டும் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியையோ மகளையோ கேட்டால் அவர்கள் ஆசையாக ஆமாம் என்பார்கள், கிடக்கிற மனுஷன் பயந்து நடுங்குவான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திரும்பிவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி கேட்கக் கூடாது. பதில் சொல்ல முடியாமல் கிடந்தால் அதுவும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஊசி குத்தவும் துணி மாற்றவும் அவர்களை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அந்தக் கட்டிடத்தில் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஒரே சங்கதி குதிரைதான், அதையும் பிடுங்கிவிடாதே என்று குதிரைக்கும் அவளுக்கும் தகுதிச் சோதனை நடத்திய அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

குதிரையின் பெயர் பட்டன். ஒன்பது வயது, பழுப்பில் வெள்ளைத் திட்டு, நெல்டாவின் இடுப்புயரம்கூட இல்லாத பெட்டை. சோதனையன்று அதன் முதுகுக்குப் பின்னால் எஃகுத் தட்டை டமாலென்று போட்டார்கள். காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றது. மின்தூக்கியில் ஏறும், ஆக்சிஜன் இயந்திரம் சீறினால் மிரளாது, வெளியே போகும்வரை லத்தி போடாது. வழுக்காமலிருக்க நான்கு காலிலும் ரப்பர் செருப்பு. நெல்டாவின் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையில் குதிரை படமும் அவள் படமும் சேர்ந்தே இருந்தன. நெல்டா கயிற்றைப் பிடிக்காமல் பட்டன் எங்கும் போக முடியாது. பட்டன் இல்லாமல் நெல்டா போனால் அவள் யாரோ எவளோ.

மலையடிவாரத்தில் இருந்த அந்த இல்லத்தில் பன்னிரண்டு அறைகள். பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள் வலியில்லாமல் போய்ச்சேர வருகிற இடம். செவ்வாயும் வெள்ளியும் நெல்டா வருவாள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஆறாம் அறை வாசலில் எழுதியிருந்த பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். டெல்மர் நேப்பியர். அவள் அண்ணன்.

பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இரண்டு பேர் வீடும் ஒரே ஓடைக்கரையில்தான், நடுவில் ஐந்து மைல். கடையில் எதிரே வந்தால் டெல்மர் சாமானைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

நெல்டா செய்தது லேசான காரியமும் இல்லை. டெல்மரின் மகன் டஸ்டின், இருபத்து மூன்று வயசு, மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து வீட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் அத்தை வீட்டு மரம் அறுக்கும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனான். நெல்டா போலீஸை அழைத்தாள். நாலு நாள் உள்ளே இருந்தால் புத்தி தெளியும் என்று நினைத்தாள், பாவி. அண்ணனிடமோ அண்ணியிடமோ சொல்லவில்லை. சொன்னால் ஓடிப்போய் மீட்டுவிடுவார்கள். மாத்திரை நின்ற அதிர்ச்சியை அவன் உடம்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் செத்துப்போனதாகச் சிறையிலிருந்து வந்த தொலைபேசியில்தான் பெற்றவர்களுக்கு மகன் எங்கே இருந்தான் என்பதே தெரிந்தது. அடக்கத்தன்று டெல்மர் எல்லார் முன்னாலும் அவளைக் கை நீட்டி வெளியே போகச் சொன்னான்.

இப்போது, வருஷக்கணக்கில் வேலை பார்த்த சுரங்கத்தின் தூசி டெல்மரின் நுரையீரலைத் தின்று முடித்திருந்தது. நெல்டாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் சாவதற்குள் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அவள் வாசலில் நின்றாள். மற்றவர்களிடம் கேட்பது மாதிரியே கேட்டாள்.

"மிஸ்டர் நேப்பியர், குதிரையைப் பாக்குறீங்களா?"

டெல்மர் தலையைத் திருப்பினான். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதலில் அவளைப் பார்த்தான், பிறகு செருப்பு போட்ட குதிரையைப் பார்த்தான்.

"குதிரை வரட்டும். அவ வேணாம்."

நர்ஸ் மார்லா ஓடிவந்து விளக்கினாள். "ரெண்டு பேரும் சேந்துதான் வர முடியும் டெல்மர். கயித்தை அவங்க கையை விட்டு எடுக்கக் கூடாது."

"அப்போ அவ வாயைத் தொறக்கக் கூடாது."

நெல்டா தலையாட்டினாள். ஜன்னலோரம் டெல்மரின் மனைவி ரோவீனா மடியில் கிண்ணத்தை வைத்துப் பச்சை பீன்ஸை நார் உரித்து ஒடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நெல்டாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடக்கத்தன்றும் அவள் எதுவும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் சுபாவமே அப்படி என்று நெல்டா விட்டுவிட்டிருந்தாள்.

பட்டன் நேராகப் போய்க் கட்டிலில் தாடையை வைத்தது. டெல்மர் அதன் நெற்றி மயிரைக் கோதினான்.

"யாருடி உனக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தது? எங்கப்பன் பாத்திருந்தா துப்பாக்கியத் தூக்கியிருப்பான். உன்னைச் சுட இல்ல, வாங்கினவளைச் சுட." மூச்சு வாங்கினான். "உன் பின்னால நிக்கிறாளே, ஏழு வயசுல என் கோழியைக் குளிப்பாட்டிக் கொன்னவ. நீ ஜாக்கிரதையா இரு."

நெல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளிடம் பேசவில்லைதான், ஆனால் அவளைப் பற்றிப் பேசினான் இல்லையா? பதினோரு வருஷத்தில் அதுவே முதல் தடவை. அன்று வண்டி ஓட்டி வீடு போகும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த செவ்வாயும் வெள்ளியும் அப்படியே போயின. வாசலில் கேட்பாள், அவன் குதிரை வரட்டும் என்பான். ஓடையில் வெள்ளம் வந்த கதை, அப்பன் குடித்துவிட்டுக் கூரையில் தூங்கிய கதை, எல்லாவற்றையும் குதிரையிடம் சொன்னான். நடுநடுவே அவளுக்கு ஒரு குத்து வைக்கவும் மறக்கவில்லை. நெல்டா மூச்சுவிடாமல் நின்று வாங்கிக்கொண்டாள். ரோவீனா பீன்ஸ் ஒடித்தாள்.

நான்காம் தடவை, மறு செவ்வாயன்று, டெல்மரின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"டஸ்டினுக்கு உன்னைப் பிடிச்சிருக்கும்," என்றான் குதிரையிடம். "மூணு நாள் உள்ள கெடந்தான். நான் போயிருப்பேன். கதவுக்கு இந்தப் பக்கமாவது உக்காந்திருப்பேன். யாராவது எங்கிட்டச் சொல்லியிருக்கணும் இல்லையா? நீயே சொல்லு."

அவன் கை பிடரி மயிரை இறுக்கியது. பட்டன் கொட்டாவி விட்டது, வாலை அடித்தது, பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது. போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். குதிரை போதும் என்றால் பிடித்திருப்பவள் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சரி. பதினோரு வருஷம் காத்திருந்த பேச்சு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாயில்லாத ஜீவனுக்கு அவளை விட்டால் வாய் ஏது?

"பட்டன் களைச்சுட்டா," என்றாள். "கூட்டிட்டுப் போறேன்."

டெல்மர் கையை எடுத்தான்.

குதிரையை வண்டியில் ஏற்றித் தண்ணீர் வைத்தாள். கழுத்து அட்டையைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வெறும் ஆளாகத் திரும்பி வந்தாள். இப்போது அவள் யாரோ எவளோதான்.

"அண்ணே, நான் வரலாமா?"

டெல்மர் கண்ணைத் திறக்காமலே, "வேணாம்," என்றான்.

"சரி."

அவள் இரண்டடி நடந்த பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வந்து கேளு."

புதன்கிழமை கேட்டாள். வேணாம் என்றான். வியாழக்கிழமை கேட்டாள், வேணாம் என்று உதடு மட்டும் அசைந்தது. ஆனாலும் நெல்டாவுக்கு மனசில் நம்பிக்கை வந்திருந்தது. வேண்டாதவளை நாளைக்கு வா என்று எவனும் சொல்லமாட்டான்.

வெள்ளிக்கிழமை பட்டனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காலையிலேயே வந்தாள். டெல்மரின் வாய் பிளந்திருந்தது. மூச்சு இழுப்பதும் நிற்பதுமாக இருந்தது. ரோவீனா மடியில் இன்று கிண்ணம் இல்லை; அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நான் வரலாமா?"

பதில் வரவில்லை.

"அவரால இனிமே பேச முடியாது நெல்டா," என்றாள் மார்லா மெதுவாக. "நீங்க உள்ள போங்க. காது கேக்கும்னு சொல்வாங்க."

நெல்டா நகரவில்லை. "பதில் வரலைன்னா வேணாம்னுதான் அர்த்தம்," என்றாள். ஒரு மாசம் முந்திக் கேட்டிருக்கலாம், ஒரு வருஷம் முந்திக் கேட்டிருக்கலாம். இனி யாரிடம் கேட்பது? கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நில்லு."

ரோவீனாவின் குரல். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேட்டதில் நெல்டாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"எத்தனை தடவை வந்து நின்ன இந்த வாசல்ல?"

"எட்டு."

"எட்டுத் தடவையும் கட்டிலைப் பாத்துத்தான் கேட்ட."

"படுத்திருக்கிறவங்களைத்தான் கேக்கணும் ரோவீனா. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு…"

"குதிரைக்கு அது சரி," என்றாள் ரோவீனா. "டஸ்டினைப் பெத்தது நான். இவன் கத்தினான், உன்னை வெளிய போன்னான், ஊரே பாத்துச்சு. நான் கத்தல. அதனால எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டியா? கோபப்பட்டவன்கிட்ட மட்டும் வந்து வந்து கேக்குற. என்கிட்ட ஒரு நாள் கேட்டியா?"

நெல்டா கூனிக் குறுகிப்போனாள். கேட்கவில்லை. ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும், அவள் பீன்ஸ் ஒடிக்கிற சத்தமும் தெரியும். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமும் மன்னிப்பு என்றால் அவள் மனசில் டெல்மர் முகம்தான் வந்தது.

"ரோவீனா," என்றாள். "உன் புள்ளையை நான் பிடிச்சுக் குடுத்தேன். உன்கிட்டச் சொல்லாம செஞ்சேன். என்னை மன்னிப்பியா?"

கட்டிலில் மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"மாட்டேன்," என்றாள் ரோவீனா. "இன்னிக்கு என்னால ஆகாது."

"சரி," என்றாள் நெல்டா.

"போகாத. உள்ள வா. அந்தப் பக்கம் போய் இவன் கையைப் புடி. எனக்கு ஒரு கைதான் எட்டுது."

நெல்டா உள்ளே போய் அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.