சத்தமில்லாத இறக்கம்

பேத்துப்பாறை பழனிமுத்து பால்காரர். வெள்ளனே கறந்த பாலை இரண்டு தகரக் கேன்களில் ஊற்றி, சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் தொங்கவிட்டு, பெருமாள்மலைக்கு ஏறி, அங்கிருந்து கோடைக்கானல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். மேலே ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் ஊற்றி முடித்து, மத்தியானத்துக்குமேல் காலிக் கேன்களோடு இறங்குவார். இறங்குவது சுகம். பெடலை மிதிக்க வேண்டாம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் சைக்கிள் தானாக வீடு சேர்க்கும்.

அந்த இறக்கத்தில் ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று பேர் செத்துப்போனார்கள். முதலில் தந்தி ஆபீஸ் இராமலிங்கம். பிறகு பூண்டு மூட்டையோடு இறங்கிய ஒரு மேல்மலைக்காரர். மூன்றாவது ரொட்டிக்காரர் குமாரவேல். மூன்று பேரும் மூடுபனி நாளில், ரோட்டோரத்தில், நசுங்கிய சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்தார்கள். இடித்த வண்டி எது என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டி வந்த சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லவும் ஆளில்லை. சைக்கிள் பிரேக் பிடிக்காமல் விழுந்தவர்கள் என்று போலீசில் எழுதி முடித்தார்கள்.

பெருமாள்மலையில் சைக்கிள் கடை வைத்திருந்த ராமருக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. குமாரவேல் சைக்கிளுக்குச் சாவுக்கு முந்தின வாரம்தான் அவர் புது பிரேக் கட்டை போட்டிருந்தார். குமாரவேல் விழுந்த இடத்தில் அவர் நினைவாக முதல் கல்லைக் கொண்டுவந்து நட்டவர் ராமர்தான். பழனிமுத்து கூடச் சேர்ந்தார். மற்ற இரண்டு பேருக்கும் அவரவர் விழுந்த இடத்திலேயே கல் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சுற்றி மண்டுகிற உண்ணி முட்புதரை வெட்டிவிட்டு, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, தாரால் பெயரைத் திருத்தி எழுதுவார்கள். குமாரவேலின் மனைவி சின்னத்தாயி வெள்ளை அடிக்கிற கற்றாழை நார் மட்டையும் சுண்ணாம்பு வாளியுமாக வருவாள். வந்தால் அதிகம் பேசமாட்டாள். புருஷன் கல்லையும் மற்ற இரண்டு கல்லையும் ஒரே மாதிரித்தான் தேய்ப்பாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிறு. வெள்ளி அருவிக்குக் கீழே குமாரவேல் கல் இருந்த வளைவில் மூன்று பேரும் வேலையாக இருந்தார்கள். பனி இறங்கி எதிரில் இருக்கிற மரம் தெரியாமல் மூடிவிட்டது. சின்னத்தாயி வாளியை எடுக்க ரோட்டுப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். எதற்கென்று தெரியாமலே பழனிமுத்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். பச்சை மரப்பட்டை வாசம் குப்பென்று அடித்தது. மூஞ்சியில் ஒரு காற்று. அவள் நின்ற இடத்தை ஒட்டிக்கொண்டு பட்டை ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. டயர் ஈர ரோட்டில் உராயும் 'ஸ்ஸ்' என்ற ஓசை மட்டும் அது கடந்த பிறகு கேட்டது. அதற்குள் பனி அதை விழுங்கிவிட்டது.

வாளி சப்பையாகக் கிடந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் ரோட்டில் ஓடியது.

"எஞ்சின் எங்க?" என்றார் ராமர். யாரைக் கேட்டார் என்று தெரியாது. "எஞ்சின் சத்தமே இல்லையே."

சின்னத்தாயி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அணைச்சுப்போட்டு எறக்குறாங்க," என்றாள். "இப்படித்தான் வந்திருக்கும். அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

கோடைக்கானலுக்குப் பின்னால் வாட்டில் மரம் வெட்டுகிற கூப்பு ஒன்று இருந்தது. அங்கிருந்து பட்டை ஏற்றிக்கொண்டு லாரிகள் தோல் பதனிடுகிற இடத்துக்கு இறங்கும். மலை முழுக்க இறக்கம்தானே என்று டிரைவர்கள் எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டே வந்தார்கள். மிச்சமாகிற டீசல் அவர்களுக்கு.

மறுநாள் பழனிமுத்துவும் ராமரும் கூப்புக் கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "எந்த லாரின்னு பார்த்தீங்களா? நம்பர் தெரியுமா? இல்லையா? சரி, நான் டிரைவர்மாரைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார், அதுவும் யார் வந்து புகார் கொடுத்தார்கள் என்பதோடு சேர்த்து.

இரண்டு நாள் கழித்துச் செண்பகனூர் டீக்கடையில் பழனிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். மணியன். பட்டை லாரி டிரைவர், ஒட்டன்சத்திரத்துக்காரன். நல்ல உயரம், சிரித்த முகம். அதற்கு முன் பழனிமுத்து அவனிடம் பேசியதில்லை.

"என்னண்ணே, பால் யாவாரமெல்லாம் எப்படி?"

"நடக்குதுப்பா."

"நாலு பேரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நம்ம பொழப்பு நல்லா நடந்தாச் சரிதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "தெனமும் இந்த நேரத்துக்குத்தான் எறங்குவீங்க போல."

பழனிமுத்து டீக்கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது குமாரவேல் கல் இடத்தில் இல்லை. லாரி பின்பக்கமாக ஏறிய தடம் மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது. கல் கீழே பள்ளத்தில் ஒரு மரத்தடியில் கிடந்தது. மூன்று பேரும் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவர மத்தியானமாகிவிட்டது. "கல்லு அவங்கள என்னம்மா செஞ்சுது?" என்று ராமர் புலம்பினார். சின்னத்தாயி கல்லின் மேல் இருந்த மண்ணைச் சேலை முந்தானையால் துடைத்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பழனிமுத்து மனைவி முருகம்மாள் கேட்டாள். "நமக்கு எதுக்கு இந்தச் சோலி? செத்தவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எவன் வந்து கல்லு நடுவான்?"

"ராமர் நடுவான்," என்றார் பழனிமுத்து. விளையாட்டாகத்தான் சொன்னார். முருகம்மாள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கார்த்திகை பிறந்தது. அன்று மேலேயே பனி கட்டிவிட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை, செண்பகனூரில் கடைகளில் அரிக்கேன் ஏற்றிவிட்டார்கள். பழனிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டீக்கடையைக் கடந்தபோது பட்டை லாரி ஒன்று ஓரமாக நின்றது. மணியன் மட்கார்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வண்டியில் வேறு ஆளில்லை.

"பனி பலமா இருக்குண்ணே," என்றான்.

"ஆமா."

"நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்."

பழனிமுத்து அங்கேயே நின்றிருக்கலாம். கடைக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்ப அவருக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டார்.

முதல் வளைவு தாண்டியதுமே பின்னால் காது கொடுத்தார். காலிக் கேன்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. இறங்கினார். ரோட்டோரத்துப் புல்லைப் பிடுங்கிக் கேன்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் திணித்தார். மறுபடி காது கொடுத்தார். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ அருவி. அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காததுதான் பயமாக இருந்தது. லாரி இன்னும் கிளம்பவில்லையோ, அல்லது பின்னாலிருக்கிற வளைவுக்கே வந்துவிட்டதோ, இரண்டுக்கும் ஒரே அமைதி.

ஏறவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான்கு எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தன் மூச்சே இரைச்சலாக இருக்கிறதென்று வாயைப் பொத்திக்கொண்டார். குமாரவேல் கல் பனிக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தபோது, சைக்கிளைப் புதருக்குள் சாய்த்துவிட்டு, கல்லுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரியாது. நம்மைப் பயமுறுத்தத்தான் சொன்னான் போல, வெறும் பேச்சு என்று நினைத்து எழுந்திருக்கப் போனபோது வாசம் வந்தது. பச்சைப் பட்டை வாசம்.

லாரி விளக்கில்லாமல் வந்தது. எஞ்சின் இல்லை. நடு ரோட்டில் வரவில்லை. இடது சக்கரங்கள் இரண்டும் புல்லில் ஏறி, சைக்கிள் போகிற ஓரத்திலேயே உருண்டு வந்தது. மணியன் கழுத்தை நீட்டி முன்கண்ணாடி வழியாக ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பழனிமுத்து கல்லோடு கல்லாக ஒடுங்கினார். லாரி போயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழ் வளைவிலிருந்து ஹாரன் நீளமாக ஒலித்தது. அதோடு கலந்து மனுஷக் குரல் ஒன்று. பாறை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். பட்டைக் கட்டுகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் உருண்டு விழுவது நெடுநேரம் கேட்டது.

பழனிமுத்துவின் கால்கள் முதலில் மேல்பக்கம் திரும்பின. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு கீழே ஓடினார்.

லாரி மலைப்பக்கத்துப் பாறையில் மூஞ்சியைக் கொடுத்து நின்றது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மணியன் நசுங்கியிருந்தான். கதவு திறக்கவில்லை. பழனிமுத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தாங்கிப் பிடித்தார். மணியன் கண்ணைத் திறந்தான். இவரை அடையாளம் தெரிந்தது.

"எங்கண்ணே போனீங்க?" என்றான். "ரோட்டுல ஆளக் காணமேன்னு தேடிக்கிட்டே வந்தேன்."

"எதுக்குப்பா தேடுன?"

மணியன் உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை. பழனிமுத்து இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது, கீழேயிருந்து பஸ் ஏறிவருகிற சத்தம் கேட்டது. பஸ்காரர்கள் கடப்பாறையால் கதவைப் பெயர்த்து அவனை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

போலீசில் பழனிமுத்து எல்லாவற்றையும் சொன்னார், அந்தக் கடைசிப் பேச்சைத் தவிர. எஞ்சினை அணைத்து வந்ததைக் கேட்டுக்கொண்டார்கள். லாரி பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டில் முருகம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"இடிக்கத்தான் தேடியிருப்பான். இதுல என்ன சந்தேகம்? வெளக்கக்கூடப் போடலையே" என்றாள் அவள்.

ராமரிடமும் சொன்னார். ராமர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தார். "அப்படியும் சொல்ல முடியாதுண்ணே. முன்னால போகச் சொல்லிட்டமே, பனியில இடிச்சிரக் கூடாதேன்னு ஓரத்தப் பார்த்துக்கிட்டே வந்திருக்கலாம். ஓரத்தப் பார்த்துத்தான் வளைவ விட்டானோ என்னமோ."

இரண்டும் சரியாகத்தான் பட்டது பழனிமுத்துவுக்கு. ராத்திரி படுத்தால் ஒன்று, விடியும்போது எழுந்தால் மற்றொன்று.

மார்கழியில் ஒரு ஞாயிறு, மூன்று பேரும் குமாரவேல் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி நடந்து வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. மடியில் பொட்டலமாக ஏதோ வைத்திருந்தாள். மணியன் மனைவி காளியாயி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். அவன் செத்த இடத்தைக் காட்டச் சொன்னாள். ராமர் அவளைக் கீழ் வளைவுக்கு அழைத்துப்போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். பாறையில் இன்னும் லாரியின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பொட்டலத்தில் இருந்த பூவையும் சூடத்தையும் அங்கே வைத்தாள்.

சின்னத்தாயி தள்ளி நின்றே கேட்டாள். "போன வருசம் ஆடி மாசம் உங்க வீட்டுக்காரரு இந்த ரோட்டுல ஓட்டுனாரா?" அந்த ஆடியில்தான் குமாரவேல் செத்தது.

"தெரியாதும்மா. வீட்டுக்கு வந்தா ரோட்டப் பத்திப் பேச மாட்டாரு." காளியாயி பழனிமுத்து பக்கம் திரும்பினாள். "கடைசியில நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம். ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

பழனிமுத்து பாறையில் ஒட்டியிருந்த பெயின்ட்டைப் பார்த்தார். சின்னத்தாயியும் அவரையே பார்த்தாள். அவளிடமும் அவர் இதுவரை சொன்னதில்லை.

"என்னத் தேடிக்கிட்டே வந்தேன்னாரு," என்றார்.

காளியாயி அழத் தொடங்கினாள். "அவரு அப்படித்தாண்ணே. பேச்சுதான் முரட்டுப் பேச்சு. தெரிஞ்சவங்க ரோட்டுல போனா ஒரு பார்வ பார்த்துக்கிட்டேதான் போவாரு."

சின்னத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போவதற்கு முன்னால் காளியாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இந்த மாதிரி ஒரு கல் அவருக்கும் வைப்பீர்களா என்று. ராமர் காலால் மண்ணைக் கீறினார். சைக்கிள்காரர்களுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"வைங்க," என்றாள் சின்னத்தாயி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேலேயிருந்து எறங்குறவன் கண்ணுல படுற மாதிரி வைங்க. லாரி டிரைவருன்னு பெருசா எழுதுங்க. எம் புருசன் கல்ல எந்த டிரைவரும் படிக்க மாட்டான். இதப் படிப்பான்."

அடுத்த ஞாயிறே கல் வந்தது. ராமர் குழி தோண்டினார். சின்னத்தாயி மட்டையைத் தொட்டுத் தொட்டு இரண்டு பூச்சுப் பூசினாள், மற்றக் கற்களுக்குப் பூசுகிற அதே கையால். சுண்ணாம்பு உலரும்வரை காத்திருந்து பழனிமுத்து தாரைத் தொட்டு எழுதினார். 'லாரி டிரைவர்' என்று பெரிதாக எழுதிவிட்டுக் கீழே பெயரை எழுதத் தொடங்கினார். 'ம' சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

அன்று வானம் வெளுத்து, கீழே சமவெளி வரைக்கும் தெரிந்தது. ராமரும் சின்னத்தாயியும் முன்னால் நடந்தார்கள். பழனிமுத்து சைக்கிளில் ஏறவில்லை. பெருமாள்மலை வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே, ஓரத்தை ஒட்டி, கொஞ்சத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார்.