அட்டை உரித்த மாத்திரைகள்

"எது நெஞ்சுக்கு, எது ரத்தத்துக்குன்னு சொல்லித் தொலைங்களேன்…"

"சொல்றேன்டி, கொஞ்சம் வெளிச்சத்துல வச்சுப் பாத்து…"

"வெளிச்சம் வந்து காதுல சொல்லுமா? ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒரே அளவு!"

விமானம் மாறும் நிலையத்தில், காலை நீட்ட முடியாத ஒரு நாற்காலியில் அவள் சாய்ந்து கிடந்தாள். எதிரே அவள் வீட்டுக்காரர் மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குகிறவர் போலக் குனிந்திருந்தார். அவள் நெஞ்சுக்குள் துடிப்பு தறிகெட்டு ஓடியது. ஓடும், தடுக்கும், விழுந்தடித்து எழுந்து மறுபடி ஓடும்.

பழைய கோளாறுதான். துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. வேளை தவறாமல் போட்டுக்கொண்டால் தாராளமாகப் பறக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் கிளம்பினாள்.

ஆனால் டாக்டருக்கு அவள் வீட்டுக்காரரைத் தெரியாது. பார்சல் கம்பெனியில் பெட்டி கட்டியே தலை நரைத்தவர் அவர். பெட்டிக்குள் காற்றுக்கு இடம் கொடுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. செருப்புக்குள் சோப்பு, தம்ளருக்குள் காலுறை. மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும், "பாதி வெறும் காத்துடி இது!" என்று அத்தனையையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார். மருந்துச் சீட்டு பெரிய பெட்டியோடு விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"மருந்துக்கடைக்குப் போன் போட்டீங்களே, என்ன சொன்னான்?"

"அட்டையில பேர் இருக்கும், பாத்துச் சொல்லுங்கங்கிறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு வரவில்லை.

அடுத்த விமானத்துக்குக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஏறியே ஆக வேண்டும். விடிந்தால் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். மருமகன் கப்பல் வேலைக்காரன், நடுக்கடலில் இருக்கிறான். பெற்றவளைத் தவிர மகள் கையைப் பிடிக்க அந்த வெளிநாட்டில் நாதியில்லை.

எழுந்தாள். தரை சாய்ந்தது. வீட்டுக்காரர் அவளைத் தாங்கிக்கொண்டு, வழியில் போன சீருடைக்காரரைப் பார்த்து, தெரிந்த ஒரே ஆங்கிலத்தில் கத்தினார். "ஃப்ரஜைல்! ஃப்ரஜைல்!" கண்ணாடிச் சாமான் பெட்டியில் ஒட்டுகிற சொல். அந்த ஆளுக்குப் புரிந்ததோ என்னவோ, சக்கர நாற்காலி வந்துவிட்டது.

முதலுதவி அறையில் இருந்த டாக்டர் சின்னப் பெண். நல்லவேளை, தமிழ் பேசினாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மிஷினைப் பார்த்தாள்.

"துடிப்பு ரொம்ப வேகமா இருக்கும்மா. அடிக்கடி இப்படி வருமா?"

"மாமியார் மாதிரிம்மா. சொல்லாம வரும், இருந்து படுத்திட்டுப் போகும். ஒரு ஊசி போட்டு விடுங்க, நான் ஓடிப்போய் ஏறிக்கிறேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"காலையில போட்டதுதான். அடுத்த வேளைக்கு இன்னும் போடல."

"சரி. துடிப்பைக் குறைக்க ஊசி போடறேன். அடங்குதான்னு பாப்போம். பறக்குறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அந்த 'அப்புறம்' போதும் அவளுக்கு. சட்டென்று கையை நீட்டினாள். டாக்டர் நரம்பைத் தேடித் தடவினாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்." வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"ஏங்க, கதவைச் சாத்திடப் போறாங்க!"

"நீ பேசாம இரு. காலையில இவளுக்குக் குடுத்தேன் டாக்டர். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்திடுச்சு, சரியான மாத்திரைதானான்னு. அதனால இன்னும் ரெண்டு எடுத்துக் குடுத்தேன்."

"எனக்கா? எப்ப குடுத்தீங்க?"

"காப்பி வந்தப்ப. வயித்துக்குன்னு சொன்னேனே, அதுதான்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். "அது எந்த மாத்திரைங்க ஐயா?"

"தெரியலையே."

"நெஞ்சு மாத்திரையா இருந்து, இந்த ஊசியும் உள்ள போனா, துடிப்பு ஒரேயடியா விழுந்துடும். ரத்த மாத்திரையா இருந்தா அது வேற ஆபத்து. தெரியாம நான் கை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும். இன்னைக்கு நீங்க பறக்க முடியாதும்மா."

டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யத் திரும்பினாள்.

"வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" அவள் பல்லைக் கடித்தாள். "ஏறியிருப்பேனே!"

"எதுல ஏறியிருப்ப? சொல்லு, எதுல?"

ஒலிபெருக்கி கடைசி அழைப்பு என்று இருவர் பேரையும் சொன்னது.

"நீங்க கிளம்புங்க."

"உன்ன இப்படிப் போட்டுட்டா? பைத்தியமாடி உனக்கு?"

"எனக்கு டாக்டர் இருக்காங்க, மிஷின் இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா?"

"பிரசவத்துக்கு அப்பன் போய் என்னத்தடி செய்வேன்?"

"கதவுக்கு வெளியில நிக்கத் தெரியும்ல? அது போதும்."

அவர் வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மிஷின் அவள் தலைமாட்டில் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா எங்கப்பான்னு அவ கேட்டா, என்னங்க சொல்லுவீங்க?"